வியாழன் இரவு பாரிஸ்: வாரப் பாஸ் கிடைக்குமா?

நானும் அம்மாவும் அடுத்த மாதம் பாரிஸ் போகிறோம். விமானம் வியாழன் இரவு 8 மணிக்கு சார்ல் த கோல், டெர்மினல் 2-இல் இறங்குகிறது. செவ்வாய் திரும்புகிறோம். தங்குவது தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம், இட்லிக்குக் கவலையில்லை. கவலை எல்லாம் நவிகோ வாரப் பாஸ்தான், அதாவது பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் மெட்ரோ, ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும் பாஸ்.

அது திங்கள் முதல் ஞாயிறு வரை செல்லும். நடப்பு வாரத்துக்கு வியாழன் வரைதான் விற்பார்கள், வெள்ளி வந்தால் அடுத்த வாரத்துக்கு மட்டும். 2025 கட்டணத்தில் கணக்குப் போட்டேன்: பாஸ் 31.60 யூரோ, அதை ஏற்றும் அட்டை 5. தனித்தனியாக எடுத்தால் விமான நிலைய டிக்கெட் மட்டுமே 13, மற்றபடி மெட்ரோவோ ரயிலோ ஒரு தடவைக்கு 2.50. சனிக்கிழமை வெர்சாய், ஞாயிறு ப்ரோவான் என்ற பழைய ஊர் என்று சுற்றினால் பாஸ்தான் லாபம். (திங்கள் வெர்சாய் அரண்மனைக்கு விடுமுறை, அதனால் நாளை மாற்ற முடியாது.)

பாஸைப் போனில் ஏற்றப் பார்த்தேன், என் பழைய போனில் அதற்கு வேண்டிய என்எஃப்சி (போனையே அட்டை மாதிரி தொட்டுக் காட்டும் வசதி) இல்லை. அம்மாவுடையது பட்டன் போன். இயந்திரத்தில் பாஸ் ஏற்றலாம், ஆனால் ஏற்றுவதற்கான அந்த 5 யூரோ அட்டையை (பெயர் நவிகோ தெகுவேர்த்) கவுண்டரில்தான் வாங்க வேண்டும். அதற்கு 3க்கு 2.5 செ.மீ. போட்டோவும் வெட்டியாயிற்று, அம்மாவின் ஒரு காது போய்விட்டது.

குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். அந்த நேரத்தில் டெர்மினல் 2 ரயில் நிலையக் கவுண்டரில் இந்த அட்டையைச் சமீபத்தில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா?