ஐபி முகவரியைச் சரிபார்க்க ரெஜெக்ஸ் போதுமா? தடுத்த முகவரியே திரும்ப உள்ளே வருகிறது

பின்கட்டு:

பைத்தானில் எழுதிய சின்ன வெப் சர்வீஸ். நிர்வாகப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் ஐபி முகவரியை டைப் செய்து சேமித்தால் அங்கிருந்து வரும் கோரிக்கைகள் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெட்டியில் வருவது முகவரிதானா என்று பார்க்க, மூன்று இலக்கம் வரை எண், புள்ளி, மறுபடி எண் என்று ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரம்) வைத்திருந்தேன். அது 999.999.999.999-ஐயும் சரி என்றது. 255-ஐத் தாண்டாதபடி மாற்றினேன். அப்புறம் ஐபிவி6 (நீளமான புதுவகை) முகவரி கொடுத்தவர்களுக்கெல்லாம் "தவறான முகவரி" என்று வந்ததால் அதையும் சேர்த்தேன், இப்போது அந்த ஒரு வரி திரையைத் தாண்டி ஓடுகிறது, எழுதிய எனக்கே படிக்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி: நேற்று 203.0.113.25-ஐத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தேன். டேட்டாபேஸில் பதிவாகியிருக்கிறது, ஆனாலும் கோரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. லாகில் அதே எண்கள்தான், ஆனால் முன்னால் இரண்டு முக்காற்புள்ளி, நான்கு எஃப், இன்னொரு முக்காற்புள்ளி ஒட்டியிருக்கிறது. என்ன இது?

கம்பிவலை:

உங்கள் சர்வர் ஐபிவி6 சாக்கெட்டில் (இணைப்புகளை ஏற்கும் வாசலில்) காத்திருக்கிறது. ஐபிவி4 (பழைய, நான்கு எண் வகை) வழியாக வருபவரையும் அதே சாக்கெட் ஏற்கும்போது, 32 பிட் முகவரியை 128 பிட்டுக்குள் பொதிந்து இப்படித்தான் காட்டும். ஆள் ஒருவர்தான், எழுதிய விதம் வேறு. நீங்கள் ஸ்ட்ரிங்கை, அதாவது வெறும் எழுத்துச் சரத்தை, ஸ்ட்ரிங்கோடு ஒப்பிடுவதால் அவர் தப்பிவிடுகிறார்.

ரெஜெக்ஸை இன்றே தூக்கிவிடுங்கள். பைத்தான் 3.3 முதல் ஐபிஅட்ரஸ் என்ற மாட்யூல் (ஆயத்த நிரல் தொகுப்பு) கூடவே வருகிறது. வந்த ஸ்ட்ரிங்கை அதனிடம் கொடுங்கள், தவறு என்றால் வேல்யூஎரர் என்ற பிழையை எறியும், சரி என்றால் அந்த முகவரியைக் குறிக்கும் ஒரு ஆப்ஜெக்ட் தரும். அதற்குப் பிறகு ஸ்ட்ரிங்கைத் தொடவே கூடாது, சேமிப்பதும் ஒப்பிடுவதும் அந்த ஆப்ஜெக்டை வைத்துத்தான். பொதிந்து வந்த முகவரி என்றால் உள்ளே இருக்கும் ஐபிவி4-ஐ எடுத்துக்கொடுக்கும் பண்பும் அதிலேயே இருக்கிறது, ஒப்பிடும் முன் அதைப் பிரித்தெடுத்துவிடுங்கள்.

உங்கள் பழைய ரெஜெக்ஸில் இலக்கத்துக்குப் பின்சாய்கோடும் டி எழுத்தும் போட்டிருந்தால், ௧௯௨.௧௬௮.௧.௧ என்று தமிழ் எண்களில் கொடுத்துப் பாருங்கள். ஏற்றுக்கொள்ளும்! பைத்தான் 3-இல் அந்தக் குறி யூனிகோடின் எல்லா எழுத்துமுறை இலக்கங்களுக்கும் பொருந்தும், இன்ட் ஃபங்ஷனும் ௧௯௨-ஐ 192 ஆக மாற்றித் தந்துவிடும், அதனால் 255 சோதனையிலும் மாட்டாது. ஐபிஅட்ரஸ் மாட்யூல் இதை மறுத்துவிடும்.

ஓடைக்கரை:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் அந்த மாட்யூலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஜேசானில் (நிரல்கள் தரவு பரிமாறும் வடிவம்) மேற்கோள்குறி இல்லாமல் 2130706433 என்ற எண் வந்தால் அதையும் வாங்கிக்கொண்டு 127.0.0.1 என்று தரும். எனவே ஸ்ட்ரிங்தானா என்று முதலில் பாருங்கள். அப்புறம் 3.9 முதல் ஐபிவி6 முகவரிக்குப் பின்னால் சதவீதக் குறி போட்டு நெட்வொர்க் இடைமுகத்தின் பெயரை எழுதலாம். அந்தக் குறிக்குப் பின் வருவதை அது அநேகமாகச் சோதிப்பதே இல்லை. ஐபி சரி என்று சொல்லிவிட்டதே என்று அதை அப்படியே நிர்வாகப் பக்கத்தில் காட்டினால் பாதுகாப்பு ஓட்டை அங்கே திறக்கும். உங்களுக்கு அந்தக் குறி தேவைப்படாது, இருந்தாலே மறுத்துவிடுங்கள்.

மூன்றாமடுக்கு:

வருபவரின் முகவரியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரிலிருந்து (கோரிக்கையோடு வரும், அது கடந்துவந்த முகவரிகளின் பட்டியல்) என்றால் இதுவரை பேசியதெல்லாம் வீண். அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், எழுத்துப் பிசகாத ஒரு பொய் முகவரி எந்தச் சரிபார்ப்பையும் தாண்டிவிடும். நேராக இணைப்பில் வந்திருப்பது உங்கள் சொந்த ப்ராக்ஸிதான் (இடைநிலை சர்வர்) என்றால் மட்டும் ஹெடரைப் படியுங்கள், அதையும் வலது கோடியிலிருந்து, உங்கள் ப்ராக்ஸிகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, முதலில் நிற்கும் அந்நிய முகவரியை எடுங்கள். இடது கோடியில் இருப்பது அனுப்பியவர் விருப்பப்படி எழுதியது, அதை நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

பின்கட்டு:

மூவருக்கும் நன்றி. நான் எடுத்தது இடது கோடியிலிருந்துதான். மாற்றிவிட்டேன், முகவரியையும் பிரித்தெடுத்து ஒப்பிடுகிறேன், 203.0.113.25 இப்போது நிற்கிறது. பழைய பட்டியலை மாட்யூல் வழியாக ஓட்டியபோது ஒரே ஒரு முகவரி மட்டும் வேல்யூஎரர் தருகிறது: 203.0.113.010. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை வெட்டிவிட்டு 10 என்று சேமிக்கலாமா?

கம்பிவலை:

வேண்டாம். முன்னால் பூஜ்யம் வந்தால் எட்டடிமான (எட்டை அடியாகக் கொண்ட) எண் என்று படிக்கும் நிரல்கள் உண்டு, அவற்றுக்கு 010 என்பது 8. பைத்தானின் 3.8, 3.9 தொடர்களின் ஆரம்ப வெளியீடுகள் அதைப் பத்து என்றே எடுத்துக்கொண்டன, அது பாதுகாப்புக் குறையாகப் பதிவாகி 2021-இல் 3.9.5-இல் திருத்தினார்கள். எட்டா பத்தா என்று நாம் ஊகித்தால் சம்பந்தமில்லாத ஒருவரைத் தடுத்துவிடுவோம். அதைச் சேர்த்தவரிடமே கேட்டுவிடுங்கள்.