கரிசலில் பிரே எண் பூஜ்யம்: மணிச்சத்து இருக்கிறதா, இல்லையா?

செம்புலம், பெங்களூரு
தொட்டபள்ளாப்புரா மானாவாரிச் செம்மண் (பி.எச் 5.8), கலபுரகி கரிசல் (பி.எச் 8.4) இரண்டையும் பிரே-1 முறையில் (பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, அமில ஃபுளூரைடு கரைசலால் பிரித்து அளக்கும் சோதனை) பார்த்தோம். மொத்த பாஸ்பரஸ் ஏறக்குறைய சமம். ஆனால் கரிசலில் பாஸ்பேட்டைக் காட்டும் நீல நிறமே வரவில்லை. பயிருக்கு எதுவும் கிடைக்காதா? அடுத்து சாங்–ஜாக்சன் முறையில், பாஸ்பரஸ் மண்ணில் எதனோடு சேர்ந்திருக்கிறது என்று கரைசல்களால் படிப்படியாகப் பிரிக்கப் போகிறோம். எதில் கவனம் வேண்டும்?

கரிசல்காடு
அந்தப் பூஜ்யத்தை நம்பாதீங்க சார். பிரே கரைசலில் அமிலம் வெறும் 0.025 நார்மல். 5 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. ஊற்றினால், 62.5 மி.கி. சுண்ணாம்பே அமிலம் முழுவதையும் தின்றுவிடும். அதாவது மண்ணில் 1.25 சதவீதம் சுண்ணாம்பு இருந்தால் போதும், கதை முடிந்தது. போதாக்குறைக்கு கரைசலில் உள்ள ஃபுளூரைடு கால்சியத்தோடு சேர்ந்து படிந்து, வெளிவந்த பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்ளும்.

கரிசலுக்கு ஓல்சன் முறைதான் (அமிலத்துக்குப் பதில் காரக் கரைசலால் பாஸ்பரஸை அளப்பது): 2.5 கிராம் மண், 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் 50 மி.லி., பி.எச் 8.5, 30 நிமிடம் குலுக்கணும். கரைசலைத் திறந்து வைத்தால் பி.எச் ஏறி எண் கூடிவிடும். அறை வெப்பம் ஏறினாலும் அப்படியே. ஜனவரியில் ஓட்டியதையும் ஏப்ரலில் ஓட்டியதையும் ஒப்பிட வேண்டாம்.

ராகிவயல்
சாங்–ஜாக்சன் செம்மண்ணுக்குப் பொருந்தும். முதலில் அம்மோனியம் குளோரைடு, பிறகு ஃபுளூரைடு (அலுமினியத்தோடு உள்ளது), சோடியம் ஹைட்ராக்சைடு (இரும்போடு உள்ளது), அதன்பின் கந்தக அமிலம் (கால்சியத்தோடு உள்ளது). இடையிடையே நிறைவுற்ற உப்புக் கரைசலில் இருமுறை கழுவுங்கள். ஃபுளூரைடு சாற்றில் போரிக் அமிலம் சேர்க்காவிட்டால் நிறம் சரியாக எழாது. கரிசலில் இதே வரிசையை ஓட்டினால் அலுமினியப் பங்கு குறைவாகக் காட்டும். மேலே சொன்ன அதே கால்சியம் ஃபுளூரைடுதான் காரணம். அதற்குக் கால்சியம் பாஸ்பேட்டையே மூன்றாகப் பிரிக்கும் ஜியாங்–கு முறை நல்லது.

செம்புலம், பெங்களூரு
நன்றி. ஓல்சன் ஹெக்டேருக்கு 20 கிலோ வந்தால் உரம் குறைக்கலாமா?

ராகிவயல்
20 எது என்று முதலில் பாருங்கள். பாஸ்பரஸாக இருந்தால் நடுத்தரம். பி2ஓ5 (உர அளவில் பாஸ்பரஸைக் குறிக்கும் ஆக்சைடு வடிவம்) ஆக இருந்தால் 2.29 ஆல் வகுக்க 9 கிலோதான், குறைவு. ரிப்போர்ட்டில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

நடுத்தரமே வந்தாலும் மானாவாரியில் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். மணிச்சத்து மண்ணின் ஈரப்படலம் வழியாகத்தான் வேரை எட்டும். மண் காய்ந்தால் அந்த வழி அறுந்துவிடும். ராகிக்கு 40 கிலோ பி2ஓ5 என்றால் 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் 250 கிலோ. இதைத் தூவாமல், விதைக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் வரிசையாகப் போடுங்கள். தூவினால் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், மீதி காய்ந்த மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.