ஸ்டார் லேசா நீண்டு வருது, ப்ராசஸிங்ல சரியாகுமா?

கானாடுகாத்தான்_மாடி: அண்ணே, எங்க வீட்டு மொட்டைமாடில ட்ராக்கர் (வானம் சுத்துறதுக்கு ஏத்தாப்ல கேமராவ திருப்புற கருவி) வச்சு 135 எம்எம் லென்ஸ்ல ஒரு நிமிஷ எக்ஸ்போஷரா ஓரியன் நெபுலா எடுத்தேன், நெபுலா அருமையா வந்துருக்கு ஆனா ஸ்டாரெல்லாம் ஒரே பக்கமா ரெண்டு மூணு பிக்சல் இழுத்துருக்கு. ட்ராக்கரோட அச்ச சரியா வைக்க துருவ நட்சத்திரம் தெரியணும், ஆனா அது நம்ம பக்கம் அடிவானத்துலேருந்து 10 டிகிரிதான, எதிர்வீட்டு ஓட்டுக்கூரை மறைச்சிடுது. இருக்குற படத்த காப்பாத்த வழி இருக்கா?

காரைக்குடி_வானம்: இருக்கு தம்பி. ஃப்ரேமெல்லாம் ஒன்னா சேக்குற ஸ்டாக்கிங் பண்றதுக்கு முன்னாடியே, சிரில்ங்குற வானப்பட சாஃப்ட்வேர்ல ரவுண்ட்னஸ் (ஸ்டார் எவ்ளோ உருண்டையா இருக்குன்ற அளவு) பாத்து மோசமான ஃப்ரேம தூக்கிரு, பாதி வேலை அங்கயே முடிஞ்சிரும். அப்புறம் கிம்ப்ங்குற படம் திருத்துற சாஃப்ட்வேர்ல லேயர டூப்ளிகேட் பண்ணி மோட 'டார்க்கன் ஒன்லி'க்கு மாத்தி, ஸ்டார் நீண்டுருக்குற திசையிலயே ஏரோ கீயால ஒவ்வொரு பிக்சலா நகத்து. ரெண்டு லேயரும் ஒன்னுமேல ஒன்னு விழுற எடம் மட்டும்தான் வெளிச்சமா நிக்கும், அதனால நீளம் கொறஞ்சு உருண்டையா தெரியும். ஸ்டார் மாஸ்க் (ஸ்டார் மேல மட்டும் மாத்தம் விழுறாப்ல மறைப்பு) போட்டு பண்ணு, இல்லன்னா நெபுலாவோட நுணுக்கமும் சேந்து மங்கிரும்!

தேவகோட்டை_ராத்திரி: மேல சொன்னது எல்லா ஸ்டாரும் ஒரே திசையில இழுத்திருந்தாதான் சரிவரும், மூலைக்கு மூலை வேற வேற திசைன்னா அது லென்ஸ் கோளாறா இருக்கலாம், அதுக்கு ப்ளர்எக்ஸ்டெர்மினேட்டர்ங்குற ஸ்டார் வடிவத்த சரிபண்ற சாஃப்ட்வேர் நல்லா கேக்கும், காசு குடுத்து வாங்கணும். அடுத்த தடவ எக்ஸ்போஷர 30 செகண்டா கொறச்சு நெறய ஃப்ரேம் எடுங்க. துருவ நட்சத்திரம் தெரியலன்னா ஸ்டார் எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து அச்ச சரிபண்ற ட்ரிஃப்ட் முறை இருக்கு, உச்சிக்கோட்டுக்கிட்ட (தலைக்கு மேல வடக்கு தெக்கா போற கோடு) இருக்குற ஸ்டார் தெக்க நகந்தா ட்ராக்கர் அச்சு கெழக்க சாஞ்சிருக்கு, வடக்க நகந்தா மேற்க. ஓரியன் பெல்ட் ஸ்டாரே இதுக்குப் போதும்.