நிதானமாகப் பாடுகிறவர்கள் இன்று யார்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு உதவி வேண்டும்.

ஆறு மாதமாகக் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் (1923–1984) பழைய கச்சேரிப் பதிவுகளையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கனத்த குரல், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவர் விடும் இடைவெளி... ஒரு கீர்த்தனை முடிந்ததும் வேறு எதையும் உடனே போட மனம் வருவதில்லை. வேகம் கூடாது என்று சொல்லவில்லை. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்கள், அந்த அதிவேக ஸ்வர ஓட்டங்கள், மின்னல் மாதிரி ஓடும். மதுரை மணி ஐயர் ஸ்வரம் பாடினால் தாளம் போடாமல் உட்கார முடியாது. ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை, அதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் போன வாரம் ஒரு கச்சேரிக்குப் போனேன். பாடியவரிடம் அபாரமான உழைப்பு, சுருதி சுத்தம். ஆனால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் தம்புரா காதில் விழவே இல்லை, மிருதங்கம் நெஞ்சில் இடித்தது. இரண்டரை மணி நேரத்தில் 10 உருப்படி. ஆலாபனை (சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பது) வளர்வதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது. இன்றைய பாடகர்களிடம் திறமைக்குக் குறைவில்லை என்றே நம்புகிறேன். நான் தேடும் இடம்தான் சரியில்லையோ என்னவோ.

இன்று பாடுகிறவர்களில் விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், ஒரு ராகத்தை அரை மணி நேரமாவது எடுத்துப் பாடுகிறவர்கள் யார்? மைக் இல்லாத சிறிய அறைக் கச்சேரிகள் எங்கே நடக்கின்றன? ராகம் தானம் பல்லவி (ராகத்தை விரித்து, பிறகு ஒரே வரியைப் பல விதமாகப் பாடும் பெரிய உருப்படி) இருந்தால் இன்னும் நல்லது. பெயரோடு, நீங்கள் நேரில் கேட்டு உருகிய ஒரு ராகத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.