இணைப்பு இருக்கிறது, தரவு வரவில்லை: நெறிமுறைகளிடம் நீங்கள் கண்டது என்ன?

மேல்நிலைத்தொட்டி:

குடிநீர்த் தொட்டி ஒன்றின் நீர்மட்டத்தை கைபேசி வலையமைப்பில் இயங்கும் ஜிஎஸ்எம் மோடம் வழியாக, டிசிபி என்ற தரவுப் பரிமாற்ற நெறிமுறையின் இணைப்பில் அனுப்பும் கருவியைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கருவி சர்வரோடு ஒரு முறை இணைந்துகொண்டு, மட்டம் மாறும்போது மட்டும் சில பைட்டுகளை அனுப்பும். ஓர் இரவு, திரையில் நாற்பது விழுக்காடு என்ற எண்ணும் அதன் அருகே பச்சை நிறத்தில் ‘இணைப்பு உள்ளது’ என்ற சொற்களும் அசையாமல் நிற்க, தொட்டியடியிலிருந்து மோட்டார் இயக்குபவர் தொலைபேசியில் அழைத்துத் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடுகிறது என்றார். அவர் பேச்சுக்கு ஊடே நீர் கொட்டும் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது. சர்வரில், இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். அந்த இணைப்பின் நிலை ‘எஸ்டாப்ளிஷ்ட்’, அதாவது இணைப்பு உயிருடன் உள்ளது, என்றே வந்தது.

இடையில் இருந்த கைபேசி வலையமைப்பின் நாட் பெட்டி (கருவிகளின் உள்முகவரிகளைப் பொது முகவரிக்கு மாற்றித் தருவது), நெடுநேரம் பேச்சற்றுக் கிடந்த இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டிருந்தது. டிசிபி இணைப்பை நாட் பெட்டி குறைந்தது 2 மணி 4 நிமிடம் வரை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று இணைய நெறிமுறை ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 5382 கூறுகிறது. நடைமுறையில் அதற்கு மிக முன்னதாகவே நீக்கிவிடும் வலையமைப்புகள் உண்டு. அதன் பிறகு கருவி அனுப்பிய பைட்டுகளை மோடம் தன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தது. சர்வருக்கோ அனுப்ப ஒன்றும் இல்லாததால், எதிர்முனை காணாமற் போனதை அறிய வழியே இல்லை. லினக்ஸில், எதிர்முனை உயிருடன் உள்ளதா என்று சோதிக்கும் கீப்அலைவ் வசதியை இயக்கினாலும், இயல்பு அமைப்பில் முதல் சோதனைப் பாக்கெட் (தரவுத் துண்டு) 7200 நொடிகள் கழித்துத்தான் புறப்படும்.

நம்பகமான நெறிமுறை என்று நாம் எல்லோரும் படித்த டிசிபி, இவ்வளவு நேரம் இப்படி வாய்மூடி நிற்க முடியும் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. இதைப் போன்ற ஒன்றைக் கண்டவர்கள் எழுதுங்கள்.

நூற்பாலை மின்னர்:

டிசிபி மீது இந்தக் குறையைச் சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1981-இல் வெளியான ஆர்எஃப்சி 793 காலம் முதலே, அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்புகிறவருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அனுப்பாமல் காத்திருப்பவருக்கு அது எதையும் வாக்களிக்கவில்லை. உங்கள் அமைப்பில் குறை, மாறினால் மட்டும் சொல் என்ற ஏற்பாட்டில் இருந்தது. 1979-இல் மாடிக்கான் நிறுவனம் உருவாக்கிய, தொழிற்சாலைக் கருவிகளுக்கான மோட்பஸ் நெறிமுறையைப் பழையது என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதில் மாஸ்டர் (கேட்கும் முனை) கேட்டால்தான் கருவி பதில் சொல்லும், குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் அது கெட்டுவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். பச்சை விளக்கு ஏமாற்ற அங்கே இடமே இல்லை.

எனக்கு நேர்ந்தது அதற்கும் கீழே, கம்பியில். எங்கள் ஆலையில் மின்மானிகள் அனைத்தும் ஆர்எஸ்-485 என்ற தரவுத் தொடர்பு முறையின் இரட்டைக் கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பொருத்தியபோது ஒழுங்காகப் பதில் தந்தவை, முழு வரிசையும் சேர்ந்ததும் சிஆர்சி பிழையாக (தரவு வழியில் கெட்டதைக் காட்டும் சரிபார்ப்பு எண் பிழையாக) கொட்டின. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமின் மோட்டார்களின் மின்னிரைச்சல்தான் காரணம் என்று எல்லோரும் சொல்ல, மோட்டார்கள் நின்ற விடுமுறை நாளில் மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பை மாட்டினோம். இரு கம்பிகளுக்கும் இடையே குறைந்தது 1.5 வோல்ட்டாவது எழ வேண்டிய அலை, தரைமட்டத்தில் ஒரு சிறு நெளிவாகக் கிடந்தது. பொருத்தியவர்கள் ஒவ்வொரு மானியிலும் இருந்த 120 ஓம் முடிவுத்தடையின் (கம்பியின் முனையில் அலை எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடையின்) சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் தடை கம்பியின் இரு கோடிகளில் மட்டுமே இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடைகள் இணையாகச் சேர்ந்தால் மொத்தம் 10 ஓம் அளவுக்கு இறங்கிவிடும், அலையை அனுப்பும் எந்த டிரைவர் சுற்றாலும் அதைத் தள்ள முடியாது. இடையில் இருந்தவற்றை எல்லாம் அணைத்த அந்த நொடியில் திரையில் சதுர அலை நிமிர்ந்து எழுந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

குரல்வழி:

எங்கள் துறையில் இதே நிலை ஒவ்வொரு வாரமும் வரும். இணையவழித் தொலைபேசியில் அழைப்பு மணி அடிக்கிறது, எதிர்முனையில் எடுக்கிறார்கள், பேசிய நேரம் ஓடத் தொடங்குகிறது, ஒரு பக்கம் மட்டும் ஒலி இல்லை. வெளியூரில் இருந்த முதியவர் ஒருவர், தம் பேச்சு எங்களுக்கு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, ‘யாருமில்லையா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். நாங்கள் சொன்ன பதில்களில் ஒரு சொல் கூட அவரை அடையவில்லை.

அழைப்பை ஏற்படுத்துவது எஸ்ஐபி, குரலைச் சுமப்பது ஆர்டிபி என்பதும், இரண்டும் வெவ்வேறு போர்ட்களில் (வாயில் எண்களில்) செல்லும் என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற முகவரி எஸ்ஐபி செய்தியின் உள்ளே எழுதப்பட்டிருக்கும். அவர் வீட்டுக் கருவி அதில் 192.168 என்று தொடங்கும், வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் உள்முகவரியை எழுதி அனுப்பியிருந்தது. எங்கள் குரல் பாக்கெட்டுகள் அந்த முகவரியை நம்பிப் புறப்பட்டு எங்கும் போய்ச் சேரவில்லை. எதிர்முனையிலிருந்து குரல் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும்படி எங்கள் சர்வரை அமைத்த பிறகு இது நின்றது.

குரலுக்கு டிசிபி வேண்டும் என்று யாராவது இங்கே சொல்லத் தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குரலை எண்மமாக்கும் ஜி.711 முறையில் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என்று நொடிக்கு 50 பாக்கெட்டுகள் போகின்றன. தவறிய ஒன்றை டிசிபி மீட்டுக் கொடுப்பதற்குள் அந்த அசை கடந்து போயிருக்கும். பின்னால் வந்தவையும் அதற்காகக் காத்துக் கிடந்திருக்கும். ஒன்றிரண்டு தவறினால் காது பொறுத்துக்கொள்ளும்.

கம்பிவடம்:

மேல்நிலைத்தொட்டி அவர்கள் நாட் பெட்டி என்று முடிவுகட்டும் முன் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எனக்கு நேர்ந்தது சுருக்கமானது: தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எஸ்எஸ்எச் வழியாகக் கிளை அலுவலக இணைப்பில் உள்நுழைய முடிந்தது, சிறு கட்டளைகள் ஓடின; பெரிய கோப்பகம் ஒன்றின் பட்டியலைக் கேட்டவுடன் திரை உறைந்தது. மீண்டும் உள்நுழைந்தால் மீண்டும் அதே இடத்தில் உறைந்தது.

இதை எதிர்கொள்கிறவர்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஈதர்நெட் ஃபிரேம் 1500 பைட் வரை சுமக்கும். பிராட்பேண்ட் வகைகளில் ஒன்றான பிபிபிஓஇ இணைப்பில் அதன் தலைப்பு (தரவுக்கு முன்னால் சேரும் குறிப்புத் தகவல்) 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1492 மட்டுமே மிஞ்சும். பெரிய பாக்கெட் வந்தால், ‘இதைவிடச் சிறியதாக அனுப்பு’ என்று வழியிலுள்ள ரவுட்டர் ஐசிஎம்பி செய்தி (வலையமைப்பின் பிழை அறிவிப்பு) அனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்து வைத்திருக்கும் ஃபயர்வால் அந்தச் செய்தியையும் விழுங்கிவிடும். அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருப்பார். பிரிக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் (சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள். 28 பைட் தலைப்பும் சேர்ந்து அது சரியாக 1500 ஆகும். அது போகாமல் 1464 போனால் காரணம் தெரிந்துவிட்டது. ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் டிசிபி சுமக்கும் தரவின் உச்ச) அளவை 1452-க்கு இறக்குங்கள். அதோடு நிற்காமல், ஃபயர்வாலில் அந்த ஒரு வகை ஐசிஎம்பியைத் திறந்துவிடச் சொல்லுங்கள், ஏனெனில் எம்எஸ்எஸ் மாற்றம் டிசிபிக்கு மட்டுமே உதவும், ஒப்புகை இல்லாமல் அனுப்பும் யுடிபி நெறிமுறையில் ஓடும் விபிஎன் (பொது வலையமைப்பின் ஊடே செல்லும் தனிப்பட்ட இணைப்பு) அப்படியே தவிக்கும். விபிஎன் இருந்தால் அதன் தலைப்பையும் கழித்துக் கணக்கிட வேண்டும். இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் ரவுட்டர்கள் பாக்கெட்டைப் பிரிப்பதே இல்லை என்பதால் அங்கே ஐசிஎம்பியைத் தடுப்பது இன்னும் பெரிய கேடு.

மேல்நிலைத்தொட்டி:

கம்பிவடம் அவர்களே, என் கருவி அனுப்புவது நூறு பைட்டுக்கும் குறைவு. எம்டியூ அதில் குறுக்கிடவே முடியாது. மேலும், கருவியை மறுதொடக்கம் செய்தவுடன் அதே கருவி அதே அளவுச் செய்தியை ஒழுங்காக அனுப்பியது.

நூற்பாலை மின்னர் சொன்ன ‘கேட்டால்தான் பதில்’ முறை ஆலைக்குள் சரி. சிம் அட்டைக்குப் பின்னால் பொது முகவரி இல்லாமல் இருக்கும் கருவியைச் சர்வர் தானாகச் சென்று கேட்க முடியாது. கருவிதான் இணைப்பைத் தொடங்கியாக வேண்டும். அதனால் எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறைக்கு மாற்றினோம். 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க வடிவமைத்தது அது. அதன் கீப்அலைவ் நேரத்தை நாமே குறிக்கலாம், அந்த நேரத்தின் ஒன்றரை மடங்குக்குள் கருவியிடமிருந்து எதுவும் வராவிட்டால் புரோக்கர் (செய்திகளை வாங்கிப் பகிரும் நடுச் சர்வர்) இணைப்பை முடித்து, கருவி முன்னரே விட்டுவைத்த இறுதிச் செய்தியை மற்றவர்களுக்கு அறிவித்துவிடும். இதுவும் டிசிபி மேல்தான் ஓடுகிறது என்பதால் நூற்பாலை மின்னர் சொன்னதில் உண்மை உண்டு என்று ஒப்புகிறேன்.

படப்பிரிவு:

மருத்துவமனை ஒன்றில் சிடி ஸ்கேன் படங்கள் சேமிப்பகத்துக்கு ஊர்ந்து ஊர்ந்து போயின. பிங் ஒன்று கூடத் தவறவில்லை. அவசரப் பிரிவு மருத்துவர் என் பின்னால் நின்றுகொண்டு, படம் இன்னும் வரவில்லையா என்று கேட்டுக்கொண்டிருக்க, திரையில் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமாகத் தயங்கித் தயங்கி வந்தது. அந்தக் காட்சி என்னை விட்டு அகலவில்லை. ஸ்கேன் கருவியின் வலையமைப்புப் போர்ட் (கம்பி செருகும் இடம்) 100 மெகாபிட் முழு இருவழி (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தது. மறுமுனையில் இருந்த வலையமைப்பு ஸ்விட்ச் தானாகப் பேசி முடிவுசெய்யும் நிலையில் இருந்தது, பேச மறுபக்கம் யாரும் இல்லாததால் அரை இருவழிக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் நிலைக்கு) இறங்கிவிட்டது. ஒரு பக்கம் எப்போது வேண்டுமானாலும் அனுப்பும். மறுபக்கம் அதை மோதல் என்று எண்ணி நிறுத்திவிடும். தனித்தனியாகப் போகும் சிறு பிங் பாக்கெட்டுகள் மோதாமல் தப்பிவிட்டன. ஸ்விட்சின் கணக்கில் தாமத மோதல்கள் ஏறிக்கொண்டே இருந்ததுதான் துப்பு. இரு பக்கமும் ஒரே அமைப்புக்கு வந்தவுடன் படங்கள் பாய்ந்து வந்தன.

மின்மானி:

மோட்பஸ்ஸில் ஏமாற இடமில்லை என்ற கூற்றை மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன். பதில் வந்தது, சிஆர்சி சரியாக இருந்தது, திரையில் மின்னழுத்தம் 0.00 என்று நின்றது. மானியின் முகப்பிலோ 230 வோல்ட். மோட்பஸ் பதிவகம் (கருவி ஓர் அளவீட்டை வைக்கும் இடம்) 16 பிட் அகலமே கொண்டது. 32 பிட் தசம எண்ணை இரண்டு பதிவகங்களில் வைக்கும்போது எது முன்னால் என்பதை அந்த நெறிமுறை வரையறுக்கவில்லை, தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு முறையில் வைக்கிறார்கள். 230 என்பது பதினாறடி எண்முறையில் 43660000. இரு பாதிகளையும் மாற்றி 00004366 என்று படித்தால், பூச்சியத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறிய எண் கிடைக்கும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகியோர் 1980-களின் தொடக்கத்திலேயே இதற்கு நெருங்கிய ஒன்றைப் பதிவுசெய்திருக்கிறார்கள். வலையமைப்புகளை இணைக்கும், அங்கிருந்த கேட்வே கணினி ஒன்று, உள்வாங்கும் பஃபரிலிருந்து வெளியனுப்பும் பஃபருக்குப் படியெடுக்கும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் செக்சம் (பிழை காணும் சரிபார்ப்பு எண்) சரிபார்க்கப்பட்டதால் யாரும் ஐயப்படவில்லை; பிழை நடந்ததோ இரு கட்டங்களுக்கும் நடுவே, கேட்வேயின் நினைவகத்துக்குள். நிரல் மூலக்கோப்புகள் சிறிது சிறிதாகக் கெட்டுப் போயின.

மேல்நிலைத்தொட்டி அவர்கள் கவனிக்க: எம்க்யூடிடியின் க்யூஓஎஸ் 1-இல் (ஒப்புகை பெறும் அனுப்பும் நிலையில்) வரும் ஒப்புகை, புரோக்கர் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே. உங்கள் தரவுத்தளத்தில் எழுதும் நிரல் அதன் பிறகு நின்றுபோனால் கருவிக்குத் தெரியாது.

மேல்நிலைத்தொட்டி:

அதை எண்ணியே, திரையில் ‘இணைப்பு உள்ளது’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, தரவுத்தளத்தில் கடைசியாக எழுதப்பட்ட அளவீட்டின் நேரத்தைக் காட்டுகிறோம். மட்டம் மாறாவிட்டாலும் கருவி குறித்த இடைவெளியில் ஓர் அளவீட்டை அனுப்புகிறது. அது பழையதாகிவிட்டால் எண் சிவப்பாகி, மோட்டார் இயக்குபவரின் கைபேசிக்கு எச்சரிக்கை போகிறது.

நூற்பாலை மின்னர்:

மின்மானி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். புதிய மானி ஒன்றை வரிசையில் சேர்க்கும்போது அதன் முகப்பு எண்ணையும் திரை எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே கையொப்பமிடுவது என்று எங்கள் பிரிவில் இனி நடைமுறையாக்கக் கேட்டிருக்கிறேன்.