சேலம் தேரடியைத் திறந்த சதுக்கமாக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
போலந்தில் கிராக்கோவ் நகரத்துச் சதுக்கத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1257இல் ஊருக்கு மனை பிரிக்கும்போதே, பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர் என்று நடுவில் ஒரு சதுரத்தை விட்டுவிட்டார்கள். ஜனங்கள் இன்றும் அங்கே நிம்மதியாக நடக்கிறார்கள். நம் ராஜகணபதி கோயில் தேரடியில் நின்று பேச இடமுண்டா? சுற்றியுள்ள கடைகளுக்கு வேறு இடம் கொடுத்துவிட்டு அதையும் திறந்துவிட வேண்டும்.

குகை மகள்:
கடையை எடுத்துவிட்டால் அங்கே யார் வருவார்கள் அண்ணா? கிராக்கோவ் சதுக்கம் ஒன்றும் பொட்டல் இல்லை. நட்ட நடுவில் நிற்பதே துணி வியாபாரிகளின் மண்டபம். 1555இல் தீப்பிடித்த பிறகு, மேல்விளிம்பில் முகங்களைச் செதுக்கி இன்னும் அழகாக எடுத்துக் கட்டினார்கள். துணியால் பிழைக்கும் சேலத்துக்காரர் அதையல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
மண்டபம் சரி. அதைச் சுற்றி முளைத்த கட்டடங்களை 19ஆம் நூற்றாண்டில் இடித்தார்களே! பழைய நகர மன்றமே 1820இல் போயிற்று, கோபுரம்தான் மிச்சம். இடித்ததால்தான் அந்த விரிவு கிடைத்தது.

அம்மாபேட்டை தறிக்காரர்:
தம்பி, நம் ஊர் அமைப்பே வேறு. அங்கே ஜனங்கள் நடுவில் போய்க் கூடுவார்கள். இங்கே சாமி வீதிக்கு வரும். வைகாசி விசாகத்தில் சுகவனேசுவரர் தேர் தேரடியிலிருந்து கிளம்பி அக்ரஹாரம், பட்டைக்கோயில், கடைவீதி என்று சுற்றி நிலைக்கு வருகிறது. அந்தச் சுற்று முழுவதும்தான் நமக்குப் பொது இடம். தேர் திரும்பும் மூலையில் நின்று பாருங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, வடத்தை ஒரு பக்கமாகவே இழுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். ஒரு தகரக்கூரை இரண்டடி நீண்டிருந்தாலும் போச்சு. சதுக்கம் வேண்டாம், வீதிக்கு அதன் அகலத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ஐயா, தேர் ஓடுவது வருடத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் வயசானவர்கள் உட்கார ஒரு திண்ணைகூட இல்லையே.

குகை மகள்:
திண்ணை போடுங்கள், யார் வேண்டாம் என்றது? கிராக்கோவில் மரியன்னை தேவாலயம் சதுக்கத்துக்குக் கோணலாகத்தான் நிற்கிறது. அதன் திசை 1257க்கு முந்தையது. அளந்தவர்கள் இருப்பதை வைத்துக்கொண்டுதான் கோடு போட்டார்கள். முதலில் டூவீலர்களை எடுங்கள். பூக்கடையில் கை வைக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
டூவீலரை எடுக்க நானும் கையெழுத்துப் போடுகிறேன், தகரக்கூரைக்கும் சேர்த்தே. ஆனால் பூக்கடைக்கு மட்டும் விலக்கு என்றால் பக்கத்துக் கடைக்காரர் ஒப்புவாரா? அதற்கு ஒரு வழி சொல்லுங்கள், அப்புறம் மனு எழுதலாம்.