ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

தேனீ:
என் பிளகின் (நிரலோடு பிறகு சேரும் லைப்ரரி) தனியாக ஓட்டினால் ஓடும், மெயின் நிரலுக்குள் டிஎல்ஓப்பன் செய்தால், அதாவது நிரல் ஓடும்போதே ஏற்றினால், கிராஷ். மூன்று நாள் போனது. கடைசியில் டீபக்கரில் ஒவ்வொரு வரியாகப் போனேன். நான் எழுதிய பார்ஸ்_ஹெடரைக் கூப்பிடும் இடத்தில் ஸ்டெப் செய்தால், திறக்கும் கோப்பு என்னுடையதே இல்லை! நிரலோடு முன்பே ஏறியிருந்த இன்னொரு லைப்ரரியிலும் அதே பெயர். சி மொழி என்பதால் லோடர் (லைப்ரரிகளை ஏற்றி இணைப்பது) பெயரை மட்டும்தான் பார்க்கும், ஆர்க்யுமென்ட் எத்தனை என்றெல்லாம் பார்க்காது. எல்டி_டீபக்கில் (லோடர் செய்வதைக் காட்டச் சொல்லும் சூழல் மாறி) பைண்டிங்ஸ் கொடுத்து ஓட்டினேன். என் பிளகினை அந்த லைப்ரரியோடு இணைத்ததாக ஒரே ஒரு வரி. அந்த வரி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விசிபிலிட்டி ஹிட்டன் (பெயர்களை லைப்ரரிக்கு வெளியே தெரியாமல் ஒளிக்கும் கம்பைலர் ஆப்ஷன்) போட்டதும் தீர்ந்தது.

நிலவன்:
எனக்கு ஹிட்டன் போட்டும் தீரவில்லை. உள்ளே பழைய ஜெட்லிப்பை (தரவைச் சுருக்கும் லைப்ரரி) ஸ்டாட்டிக்காக, அதாவது என் லைப்ரரிக் கோப்புக்குள்ளேயே, சேர்த்திருந்தேன். அந்த ஆர்க்கைவ் (ஸ்டாட்டிக் லைப்ரரிக் கோப்பு) ஏற்கெனவே கம்பைல் ஆகி வந்தது, என் ஆப்ஷன் அதைத் தொடவே இல்லை. என்எம் மைனஸ் டி (லைப்ரரியின் பெயர்களைப் பட்டியலிடும் கட்டளை) அடித்துப் பார்த்தால் இன்ஃப்ளேட், டிஃப்ளேட் எல்லாம் வெளியே வரிசையாக நிற்கின்றன. லிங்க்கருக்கு எக்ஸ்க்ளூட்-லிப்ஸ் ஆல் (ஆர்க்கைவ் பெயர்களை வெளியே விடாதே என்பது) கொடுத்த பிறகுதான் அடங்கியது.

அகல்விளக்கு:
தேனீ, மைனஸ் பிசிம்பாலிக் (லைப்ரரி தன் ஃபங்ஷனையே அழைக்கச் செய்யும் லிங்க்கர் ஆப்ஷன்) போட்டாலே உங்கள் பிரச்சினை தீர்ந்திருக்குமே?

தேனீ:
என் அழைப்பு என் ஃபங்ஷனுக்கே போயிருக்கும், சரி. ஆனால் என் பார்ஸ்_ஹெடர் வெளியே தெரிந்துகொண்டேதான் இருக்கும். நாளை வேறு யாராவது அதில் வந்து மாட்டுவார்கள். ஒளிப்பதுதான் முறை.

மழைத்துளி:
எல்லாவற்றையும் ஒளித்தாலும் அடி விழும். ஹெடர் கோப்பில் இன்லைன் ஃபங்ஷன், அதற்குள் ஸ்டாட்டிக் மாறி, அதுதான் எங்கள் செட்டிங்ஸ். ஹிட்டன் போட்ட மறுநாள் ஒரு லைப்ரரியில் மாற்றிய மதிப்பு இன்னொன்றில் தெரியவில்லை. இரண்டு பக்கமும் முகவரியை அச்சிட்டுப் பார்த்தேன். இரண்டு வேறு முகவரிகள். ஒரு லைப்ரரிக்கு ஒரு பிரதி!

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜிசிசி கம்பைலர் 4.0 வந்த 2005 முதலே இந்த ஹிட்டன் ஆப்ஷன் இருக்கிறது. புது லைப்ரரி என்றால் முதல் நாளே போட்டுவிடுங்கள், பிறகு போடுவது பெரும்பாடு. வெளியே தெரிய வேண்டியவற்றுக்கு மட்டும் ஒரு எக்ஸ்போர்ட் மேக்ரோ வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் டிஎல்எல்லில் எக்ஸ்போர்ட் என்று சொன்னதுதான் வெளியே தெரியும், அங்கேயும் அதே மேக்ரோ உதவும். அப்புறம் ஒரு வெர்ஷன் ஸ்கிரிப்ட் (எது வெளியே தெரியலாம் என்று லிங்க்கருக்குச் சொல்லும் கோப்பு): வேண்டிய பெயர்கள் குளோபலில், மீதிக்கு லோக்கலில் ஒரு நட்சத்திரக் குறி. நிலவன் சொன்ன ஆர்க்கைவ் பெயர்களும் இதில் அடங்கிவிடும். பில்டு முடிந்ததும் என்எம் தரும் பட்டியலைப் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு பெயர் வந்தால் பில்டு நிற்கட்டும். நாங்கள் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

நிலவன்:
அந்த ஒப்பீடு எங்களிடம் இல்லை. இன்றே சேர்க்கிறேன்.